ஜீரோ கேட் வரிசை

மெட்ராசில் எவன் குளிரில் சாவான் என்று
பயிற்சி வகுப்பின் கடைசி பெஞ்சில்
நானும்தான் சிரித்தேன்.
வெளியே அன்றைக்கு நாற்பத்தோரு டிகிரி.

கார்த்திகை அடைமழை. இரவு பதினொன்றே கால்.
எர்ணாவூர் தாண்டி, கடல் பக்கத்து ஓரம்.
இறால் கம்பெனியில் பத்து மணி நேரம்
ஐஸில் கைவிட்டு உரித்துவிட்டு வந்தவள்
டிரெய்லர் உரசி விழுந்து கிடக்கிறாள்,
கணுக்கால் உயரத் தண்ணீரில், தொடை முறிந்து.
கிருபாவதி. கழுத்து அட்டை சொன்னது.
மயக்கம் தெளியட்டும் என்று
ஆளாளுக்கு முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார்கள்.
"காத்து வுடுங்கப்பா" என்றபடி
ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

"குளுருதுக்கா" என்றாள்.
பல் தந்தியடித்தது.

ரத்தத்தை அழுத்தி, மட்டை வைத்துக் கட்டி
ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது
தந்தி நின்றது.
"அப்பாடா, அடங்கிச்சு" என்றது கூட்டம்.
எனக்கு வயிறு கலங்கியது.
அடுப்பில் விறகு தீர்ந்தால்தான்
நடுக்கம் அப்படி அடங்கும்.
இனி ரத்தம் உறைய மறக்கும்.
ஓர் உலுக்கலுக்கு
இதயம் தாளம் தப்பும்.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
"பொம்பளப் புள்ளம்மா..."
"அப்ப எல்லாரும் திரும்பி நில்லுங்க."
நின்றார்கள்.
முதுகுகளால் ஒரு சுவர்.
ஈரச் சுடிதார் துண்டு துண்டாய்த் தரையில் விழுந்தது.

ஏசியை அணை என்றேன், தேசிங்கு அணைத்தான்.
வண்டியில் ஒரே கம்பளி, அதுவும்
மணலி கேஸின் ரத்தத்தோடு.
முன்னே, பின்னே, பக்கத்தில்
ஜீரோ கேட் வரை கன்டெய்னர் வரிசை.
இந்த வரிசையைத் திட்டாத நாளில்லை நான்.
தேசிங்கு மழையில் இறங்கி ஓடினான்,
ஒவ்வொரு கேபினாகக் கதவைத் தட்டினான்.

நாமக்கல்காரர் ஒருவர் ஜமக்காளம் கொண்டுவந்தார்.
இன்னொருவர் தார்ப்பாய்.
சாமி மாலை போட்ட ஒருவர்
பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கருப்புச் சால்வை.
பீகார் கிளீனர் பையன்
தூங்கிக்கொண்டிருந்த போர்வையை அப்படியே கொடுத்தான்,
அவன் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

துடைத்து, கீழே இரண்டு, மேலே இரண்டு,
எல்லாவற்றுக்கும் மேல் தார்ப்பாய்.
தலைக்கு என் துண்டு.
முகம் மட்டும் வெளியே.
ஒருவர் குவார்ட்டரை நீட்டினார்:
"ரெண்டு மூடி ஊத்தும்மா, சூடேறும்."
"ஏறாதுண்ணே. இருக்கிறதையும் வெளியே துரத்தும்."
உள்ளங்கால் தேய்க்க வந்த கையை விலக்கினேன்.
டீக்கடை பாய்லர் வெந்நீர் இரண்டு பாட்டில்,
துணி சுற்றி, அக்குளுக்கு ஒன்றாக.
சலைன்? அது என் சட்டைக்குள், வயிற்றோடு.
மழை நாளில் ஷிப்ட் முழுக்க அங்கேதான் இருக்கும்.
"எத்தனாவது மாசம்?" என்று கேலி பேசும் தேசிங்கு
அன்று பேசவில்லை.

லாரிகள் ஒவ்வொன்றாய் ஓரம் ஒதுங்கின,
அலைத்தடுப்புக் கல் வரைக்கும் சிலது.
"பள்ளம் பார்த்து," என்றேன், "முட்டை ஏத்தினது மாதிரி."
கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்தது.
எனக்கு வேர்வை கழுத்தில் வழிந்தது.
திருவொற்றியூர். ஒன்றுமில்லை.
விரலை அவள் கழுத்தில் வைத்து முழு நிமிடம் எண்ணினேன்.
காசிமேடு சிக்னல் தாண்டும்போது
முதலில் தாடை.
அப்புறம் தோள்.
பிறகு ஸ்ட்ரெச்சர் கொக்கிகள் எல்லாம் கிலுகிலுவென்று...

"குளுருதுக்கா."

"குளுரட்டும்டி," என்றேன், "நல்லா குளுரட்டும்."
தேசிங்கு திரும்பிப் பார்த்தான்,
எனக்குப் பைத்தியம் என்று.

ஸ்டான்லியில் ஒப்படைக்கும் படிவத்தில்
நாடிக்குக் கட்டம் உண்டு, பிரஷருக்கு உண்டு.
வெப்பநிலைக்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன், 32.8,
இரண்டு முறை வட்டம் போட்டேன்.
பெரிய டாக்டர் வட்டத்தைப் பார்த்தார்,
அப்புறம் ஃபேனைப் பார்த்தார்,
"அதை நிறுத்துங்க" என்றார்.

விடியற்காலையில் போர்வைகளோடு திரும்பினேன்.
வரிசை அப்படியேதான் இருந்தது,
லாரிகள்தான் வேறு.
நம்பர் குறித்துக்கொள்ள எவருக்குத் தோன்றியது?
டீசலும் கடுகெண்ணெயும் மணக்கும் அந்தப் போர்வை
துவைத்து, எங்கள் வண்டியில் இருக்கிறது.
மேகம் கறுத்தால்
தேசிங்கு அதை எஞ்சின் பக்கம் நகர்த்தி வைக்கிறான்.